"மிஸ், இதெல்லாம் நடக்குமா?": வடசென்னைப் பிள்ளைகளின் நாளையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டியூஷன் எடுக்கிறேன். 16 வருஷம் ஆகிறது, காசு வாங்குவதில்லை. பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை. சனிக்கிழமைகளில் ஓ.எம்.ஆர். பக்கமிருந்து ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க வருவார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்பது, நோட்டு வாங்கித் தருகிறவர்கள் கேட்பது, பெற்றவர்கள் கேட்பது, பிள்ளைகளே கேட்பது எல்லாவற்றையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்ற சுயநலமும் உண்டு.

"என்ன ஆகப்போறேன்னு கேட்டா ‘தெர்ல மிஸ்’னு தலையைக் குனிஞ்சுக்குறாங்க. ஆசையே கிடையாதா இவங்களுக்கு?"

வண்டி வண்டியாக இருக்கிறது. நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. "என்ன ஆக ஆசை?" என்பது ஒன்று. "என்ன ஆவேன்னு நினைக்கிற?" என்பது இன்னொன்று. தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லிப் பாருங்கள். போன வருஷம் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி முதல் கேள்விக்கு ‘கலெக்டர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரமும் வரைந்திருந்தாள். இரண்டாவதற்குப் பொடி எழுத்தில், ‘அக்கா போற எக்ஸ்போர்ட் கம்பெனி’. எழுதிவிட்டு இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து என்னிடம் நீட்டினாள். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வசதியான வீட்டுப் பிள்ளையிடம் இந்த இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இங்கே ஒன்று மூலக்கொத்தளம் என்றால் மற்றது முட்டுக்காடு. அந்தத் தூரத்தை வெளி ஆள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ‘தெர்ல’ வருகிறது. முன்பு ஒருமுறை சொல்லி யாராவது சிரித்துமிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் முதல் விடையை ‘ஆசை’ என்றும், இரண்டாவதைக் ‘கணக்கு’ என்றும் சொல்லப்போகிறேன். வறுமை ஆசையை அவ்வளவாகத் தொடுவதில்லை. அது கை வைப்பது கணக்கில்.

"டாக்டர், கலெக்டர், போலீஸ். எல்லாரும் ஏன் இந்த மூணையே சொல்றாங்க?"

கண்ணில் பட்டவை அவைதான். ஊசி போடுகிறவர், பட்டா தருகிறவர், வண்டியை மடக்குகிறவர். நடுவில் ஆயிரம் வேலை இருக்கிறது: பேத்தாலஜி லேபில் ஸ்லைடு பார்க்கிறவர், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர், பாலத்துக்கு வரைபடம் போடுகிறவர். அவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருப்பதில்லை. பொருளாதார அறிஞர் தேப்ராஜ் ராய் இதை ஒரு ஜன்னல் என்பார். தன்னைப் போன்றவர்கள் என்று நாம் நினைக்கும் ஆட்கள் அந்த ஜன்னலில் தெரியும் அளவுக்குத்தான் நம் நாளையும் தெரியும்.

அர்ஜுன் அப்பாதுரை என்ற மானுடவியலாளர் 2004இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி போகிறார். நாளையைப் பற்றி ஆசைப்படுவதே ஒரு திறன், புழங்கப் புழங்கத்தான் கூர்மையாகும் என்கிறார். வசதி உள்ளவர் கையில் சந்து பொந்தெல்லாம் குறித்த வரைபடம் இருக்கிறது. இல்லாதவர் கையில் இருப்பதில் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் மட்டும் இருக்கின்றன, வழி இல்லை. உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் பலர் பிறந்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். பாட்டிக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்றதும் அங்கேதான். அதே வளாகத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது, அங்கே சேர்ந்து படிக்கலாம் என்று பத்தாவதில் நான் சொல்லும்போதுதான் பாதிப் பேருக்குத் தெரிகிறது. "அது ஆஸ்பத்திரி மிஸ்" என்று என்னையே திருத்துவார்கள்.

"வெரலுக்கேத்த வீக்கம் வேணும் டீச்சர். நீங்க பாட்டுக்கு ஏத்தி வுட்டுட்டுப் பூடுவீங்க, வூட்ல பார்க்கறது நாங்க. எதுக்கு இந்த வேலை?"

மீன்பாடி வண்டி ஓட்டும் ஓர் அப்பா கேட்டது. அவர் சொன்னதில் பாதி நியாயம், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய தங்கச்சி மகன் கடன் வாங்கி இன்ஜினியரிங் படித்தான். இன்று முதுகில் பையோடு வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், கடன் மட்டும் நிற்கிறது. அவர் ஜன்னலில் தெரிவது அந்தப் பையன். மேலே சொன்ன தேப்ராஜ் ராயும் இதைச் சொல்லியிருக்கிறார்: இருக்கும் இடத்துக்கும் ஆசைப்படும் இடத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தாலும் முயற்சி வராது, ரொம்ப அதிகமாக இருந்தாலும் வராது.

மீதிப் பாதி எனக்கு ஒப்பவில்லை. வீக்கத்தைக் குறைப்பதற்குப் பதிலாக நடுவில் இரண்டு படி கட்டலாமே. அவரிடம் அதைத்தான் சொன்னேன். "கட்டுங்க, பார்க்கலாம்" என்றார். மகளை நிறுத்தவில்லை.

"கையில காசு வந்தா அன்னிக்கே காலி பண்ணிடறாங்க. நாளைக்குன்னு யோசிக்கவே மாட்டாங்களா?"

நோட்டு வாங்கித் தரும் ஒரு பெரியவர் வருஷம் தவறாமல் கேட்பது. ஐயா, எங்கள் தெருவில் யோசிப்பது முழுக்க நாளையைப் பற்றித்தான். ஆனால் அந்த நாளை என்பது நிஜமாகவே நாளை, காலை ஏழு மணி. தண்டல்காரர் வருவார். 10,000 ரூபாய்க்கு எழுதி, பிடித்தது போக 8,500 கையில் தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே வட்டி என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டுகிறது. இது வாங்குகிற அம்மாவுக்கும் தெரியும். என்னை விட வேகமாக மனக்கணக்குப் போடுவார்.

சேமிப்பும் இல்லாமல் இல்லை. தீபாவளிச் சீட்டு, ஏலச் சீட்டு, குழு, மூக்குத்தி. காசாக வீட்டில் வைத்தால் நாத்தனாருக்குப் பிரசவம், மாமனாருக்குக் காய்ச்சல் என்று யாராவது கேட்பார்கள், இல்லை என்று சொல்லவும் முடியாது. நாளைக்கு நமக்கும் அவர்கள்தானே வர வேண்டும்? அதனால் காசைக் கையை விட்டு வெளியே தள்ளிவிடுவதுதான் இங்கே சேமிக்கும் முறை. ஒரு பெண்ணின் அம்மாவுக்குச் சின்னதாக ஒரு ஜோடி கம்மல் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சேட்டு கடைக்குப் போகும், தை மாதம் திரும்பி வரும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். காதில் கம்மல் இருக்கிறதா, துடைப்பக் குச்சி இருக்கிறதா என்று பார்த்தே அந்த வீட்டில் இது என்ன மாதம் என்று சொல்லிவிடுவேன்.

"பொறுமையா காத்திருக்கிற குழந்தைங்கதான் பெரிய ஆளா வரும்னு ஒரு ஆராய்ச்சி இருக்கே மேம்? மிட்டாய் வெச்சு பண்ணுவாங்களே?"

இருக்கிறது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் தொடங்கியது. குழந்தை முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் மேலாக வந்தார்கள் என்று பேசப்பட்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் மீதியிலும் பெரும்பகுதி கரைந்துபோனது.

எனக்குப் பிடித்தது 2013இல் வெளியான, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செய்த சின்னச் சோதனை. 28 குழந்தைகள்தான். மிட்டாய்க்கு முன்னால், நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன், கொஞ்சம் இரு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் "மன்னிச்சிடு, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகு மிட்டாயை வைத்தபோது, சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிஷம். அடுத்த மாதம் வீடு தருகிறோம், அடுத்த வாரம் சைக்கிள் வரும், ஐயா வந்ததும் கையெழுத்து ஆகும் என்று கேட்டே வளர்ந்த பிள்ளை கையில் கிடைத்ததை உடனே தின்றால், அது வாழ்க்கை சொல்லிக்கொடுத்த கணக்கு.

"கஷ்டத்துல இருந்தா மூளை சரியா வேலை செய்யாதாமே, நிஜமா?"

மூளை நன்றாகவே வேலை செய்யும், வேறு இடத்தில் மும்முரமாக. 2013இல் வெளியான ஓர் ஆய்வு நம்ம ஊரில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்து காசு வந்த பிறகு ஒரு தடவை, அதே ஆட்களுக்கே புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். காசு வந்த பிறகு மேலாகப் போட்டார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர்.

காசிமேட்டில் இதைப் பார்க்க வருஷத்துக்கு 61 நாள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடியும் தறுவாயில்தான் பள்ளி திறக்கும். எந்தப் பள்ளி, எந்தக் குரூப், எந்தக் கல்லூரி என்று வருஷத்திலேயே பெரிய முடிவை எடுக்க வேண்டிய நேரம், வீட்டில் துட்டு முழுக்க வற்றிய நேரம். அந்த வாரத்தில் ஓர் அப்பா கையெழுத்துப் போட மறந்துவிட்டால் "அக்கறை இல்லாத ஆள்" என்று எழுதிவிடாதீர்கள்.

"படிப்புக்குத்தான் அரசாங்கம் இவ்ளோ பண்ணுதே. அப்புறமும் ஏன் காலேஜ்ல பாதியில நின்னுடறாங்க?"

பண்ணுகிறது, மறுக்க முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது, கட்டணமும் அரசே கட்டுகிறது. உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று எங்கள் வடசென்னையிலேயே, பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றால் கல்லூரி வாசலை மிதித்தவர்களை எனக்குத் தெரியும். கணக்கை மாற்றிய திட்டங்கள் இவை.

ஆனால் நின்றுபோகிறவர்களை உட்கார வைத்துப் பேசினால் கட்டணத்தை யாரும் சொல்வதில்லை. ஒரு காரணம், கேட்டரிங் வேலைக்கோ மூட்டை தூக்கவோ போனால் அன்றைக்கே கிடைக்கும் கூலி. இன்னொன்று இங்கிலீஷ். நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது: முதல் அரியர், அதாவது தேறாமல் பாக்கி நிற்கும் முதல் பேப்பர்.

அரியர் வைக்காத இன்ஜினியர் எத்தனை பேர்? எங்களுக்கு வரும் ஐ.டி. பிள்ளைகளிடம் யாரெல்லாம் அரியர் வைத்தீர்கள் என்று கேட்டேன், பாதிக்கு மேல் கை தூக்கிச் சிரித்தார்கள். ஏழு பேப்பர் வைத்து முடித்த சித்தப்பா அவர்கள் வீட்டில் இருக்கிறார். "அடுத்த செமஸ்டர்ல போட்டுடலாம் வுடு" என்று சொல்ல ஆள் உண்டு. எங்கள் பையன் வீட்டில் அரியர் என்றால் என்னவென்றே தெரியாது. ஃபெயில் என்பதுதான் தெரியும். ஃபெயில் என்றால் பத்தாவதில் ஃபெயிலான மாமா, அவர் போன வழி. ஒரு பேப்பர் போனதும், தான் இந்த இடத்துக்கு உரியவன் இல்லை என்று எப்போதோ சந்தேகப்பட்டது உறுதியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். ஒரு வாரம் காய்ச்சல் என்பான், அப்புறம் வர மாட்டான். விழுந்தாலும் எழுந்திருக்கலாம் என்பது பார்த்துத் தெரிந்துகொள்வது, பாடப் புத்தகத்தில் வராது.

"எங்க பொண்ணுங்க நல்லாத்தான் படிக்குதுங்க. பசங்கதான் உருப்பட மாட்டேங்குதுங்க. ஏன்?"

பெண்ணுக்குப் படிப்பு ஒன்றுதான் வீட்டை விட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு, அதனால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். பையனுக்குத் தெருவே திறந்து கிடக்கிறது, பதினாறு வயதில் சம்பாதிக்கவும் முடிகிறது. அவள் படிப்பும் கல்யாணப் பேச்சு வரும்வரைதான் என்பது வேறு விஷயம்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் ஓர் ஆய்வு, 2012இல் வெளியானது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் செய்தது. இட ஒதுக்கீட்டால் இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவர் வந்த ஊர்களில், மகனுக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று ஆசைப்படும் வித்தியாசம் பெற்றோரிடம் 25 சதவிகிதமும் வளரிளம் பிள்ளைகளிடம் 32 சதவிகிதமும் குறைந்திருந்தது. 2022இல் எங்கள் பக்கத்துத் திரு.வி.க. நகரிலிருந்து ஜெயித்த பிரியா 28 வயதில் சென்னை மேயர் ஆனபோது, கொட்டகையில் ஐந்தாவது படிக்கும் ஒரு வாண்டு "மேயர்னா இன்னா வேலை மிஸ்? எவ்ளோ படிக்கணும்?" என்று கேட்டது. அதற்கு முன்னால் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"கவர்மென்ட் வேலைதான் வேணும்னு ஏன் இப்படி அடம்? வெளியில எவ்ளோ வேலை இருக்கு!"

வெளியே வேலை இருந்து போன ஊர் இது. 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் பின்னால் வந்த கர்நாடிக் ஆலையும் சேர்ந்த பி அண்ட் சி மில்தான் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்துக்குச் சோறு போட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் பிறந்தது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் நின்று பேசிய இடம். அப்பா மில்லில் என்றால் பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு என்ற கணக்கு தலைமுறைகளுக்கு ஓடியது. 1996இல் மில் மூடியது. அதே பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. ஒன்று மூடியதையும் ஒன்று மூடாததையும் ஒரே தெருவிலிருந்து பார்த்தவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்?

அதற்காக எல்லோரையும் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தள்ளவும் எனக்கு மனமில்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு பையன் 27 வயது வரை ‘பிரிபேர் பண்ணிட்டிருக்கேன்’ என்று சொல்லலாம், வீட்டிலும் மரியாதையாக இருக்கும். ஆனால் அந்த மரியாதைக்கு வட்டி உண்டு. இரண்டு தடவை எழுது, கூடவே ஒரு வேலையும் பிடி என்பது என் கட்சி. யாரும் கேட்பதில்லை.

"வியாசர்பாடின்னா வேலை தர மாட்டாங்களாமே மிஸ்? பெரம்பூர்னு போட்டுக்கவா?"

போட்டுக்கொள்கிறார்கள். நானே பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். முகவரியைப் பார்த்ததும் "ஓ, அந்த ஏரியாவா" என்று ஒரு புன்னகை வரும். அது எல்லா இடத்திலும் வராது, ஆனால் எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதுதான் சிக்கல். ஒரு தடவை அந்தப் புன்னகையைப் பார்த்தவன் அடுத்த ஐந்து இடத்துக்கு விண்ணப்பமே போடுவதில்லை. வேண்டாம் என்று அவர்கள் சொன்னது ஒரு தடவை, மீதி ஐந்து தடவை இவனே சொல்லிக்கொண்டது.

இதோடு இன்னொன்று. தெருச் சண்டையில் பக்கத்தில் நின்றதற்குப் பேர் சேர்ந்த பையன்கள் உண்டு. போலீஸ் வேலைக்கு முன்விவரம் சரிபார்க்கும்போது வழக்கு இருந்தால் சிக்கல் என்று அவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் ஒரு கதவு சாத்திவிட்டது என்று நினைக்கிறவன் மற்ற கதவுகளைத் தட்டிப் பார்க்க மாட்டான். முகவரியை மாற்றிப் போடாதே, எங்கேயாவது மாட்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு மேல் சமாதானம் சொல்ல எனக்கு வரவில்லை.

"சோத்துக்கே கஷ்டம்ன்றாங்க, ஆனா மஞ்சத்தண்ணி சுத்துறதுக்கு தெரு முழுக்க பேனர். இது என்ன நியாயம்?"

வீட்டுக்குள் போய் மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் எவ்வளவு வைத்தார்கள், அவர்களுக்கு நாம் எப்போது திருப்ப வேண்டும் என்று பதினைந்து வருஷத்து வரவு செலவு அதில் இருக்கும். வங்கிக்காரர் கடன் தராத இடத்தில் அந்த நோட்டுதான் வங்கி. பேனர் கொஞ்சம் ஓவர்தான், நானும் முணுமுணுப்பேன். இருந்தாலும் அந்த வீட்டு அம்மா பெயர் பெரிய எழுத்தில் வருவது அந்த ஒரு நாள்தான்.

"கேரம்ல மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா நம்ம ஏரியா பொண்ணுதானே. அந்த மாதிரி ஒருத்தங்களைக் கூட்டிட்டு வந்து பேச வெச்சா போதாதா?"

கூட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளைகள் மாடிப்படி அதிரக் கத்துவார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள் 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது சின்ன விஷயமா? எங்கள் வியாசர்பாடித் தெருவில் பந்து உதைத்த தனபால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடினார். அவர்களைப் பார்த்தால் ஆசை வளரும். கணக்கு மாறுமா என்பதுதான் என் சந்தேகம். "அவங்க கெத்து மிஸ்" என்று சொல்லும்போதே அவர்களை வேறு ஜாதிப் பிறவியாக ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

எத்தியோப்பியாவில் ஒரு சோதனை செய்தார்கள். தங்களைப் போலவே இருந்து, கொஞ்சம் மேலே வந்த சாதாரண ஆட்களைப் பற்றிச் சுமார் ஒரு மணி நேரம் குறும்படங்கள் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் படம் பார்த்தவர்களிடம் சேமிப்பும் கூடியிருந்தது, பள்ளிக்குப் போன பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். கையில் கொடுத்த பணம் ஒன்றும் இல்லை. இதைப் படித்த பிறகு நான் செய்வது: போன வருஷம் பன்னிரண்டாவது முடித்து இப்போது அம்பேத்கர் கலைக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பெண்ணை வரச் சொல்வேன். எந்த பஸ், கேன்டீனில் டீ எவ்வளவு, பிரின்சிபால் திட்டினால் எங்கே போய் அழலாம், அரியர் வந்தால் எந்த ஃபார்ம். இவ்வளவுதான் பேசுவாள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

"எல்லாம் தலையெழுத்து டீச்சர். நாம இன்னா பண்ண முடியும்?"

இதைச் சொன்ன அம்மா காலையில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, மத்தியானம் இட்லி மாவு அரைத்து விற்று, ராத்திரி சீட்டுக் கட்டிவிட்டு என்னிடம் வந்து மகனுக்குக் கணக்கு சரியாக வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தவர். தலையெழுத்தை நம்புகிறவர் இவ்வளவு ஓடுவாரா? அந்தச் சொல் முடிந்துபோனதைத் தாங்கிக்கொள்ள. வரப்போவதற்கு அவர் வைத்திருப்பது மாவு மெஷின்.

"படிச்சு இந்த ஏரியாவை விட்டு வெளிய போறதுதானே மேம் முன்னேற்றம்?"

கஷ்டமான கேள்வி. எண்ணூரில் கச்சா எண்ணெய் நாற்றத்தையும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையையும் சுவாசித்து வளர்ந்த பிள்ளை வெளியே போக ஆசைப்பட்டால் தடுக்க நான் யார்? ஆனால் ஜெயித்தவர்கள் எல்லாம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பிளாட் வாங்கிப் போய்விடுவதால்தான் இரண்டாவது கேள்வியில் சொன்ன ஜன்னல் காலியாகவே இருக்கிறது. தெருவில் மிச்சம் இருப்பது ஜெயிக்காதவர்கள், அல்லது இன்னும் ஜெயிக்காதவர்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

தானாகப் போவது வேறு, பெயர்த்து எடுத்துப் போவது வேறு. 2000இலிருந்து கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பெற்றார்கள், வேலைக்குப் போகும் தூரத்தை இழந்தார்கள். ‘எப்போ தூக்குவாங்களோ’ என்று இருக்கும் வீட்டுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கக்கூட யாருக்கும் மனசு வராது. மாறுவதும் மாறுகிறது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அதில் ஏறி ஓர் அண்ணன் தினம் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி இதே தெருவுக்குத் திரும்பி வருகிறார். எனக்கு அவர்தான் வேண்டும்.

"சனிக்கிழமை முதல் தடவை வரேன். பிள்ளைங்ககிட்ட என்ன பேசணும்?"

‘பெரிய கனவு காணுங்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த ஜூனைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் தோற்ற கதை இருந்தால் அதைச் சொல்லுங்கள், அரியர் உட்பட. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். வர முடியாது என்றால் வருகிறேன் என்று சொல்லாதீர்கள். கலர் பென்சில் கதை மேலே இருக்கிறது.

"நீங்க நம்பிக்கை குடுத்து, அது நடக்கலைன்னா யார் பொறுப்பு?"

நான். பத்து வருஷம் முன்னால் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பையன் இருந்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக் கையில் இடமும் வைத்திருந்தான். "இன்ஜினியரிங்கே கிடைக்கும், அவசரப்படாதே" என்று தடுத்தவள் நான். கவுன்சிலிங்கில் அவன் ரேங்க்குக்கு அரசுக் கல்லூரி வரவில்லை. வந்த கல்லூரி திருவள்ளூருக்கும் அப்பால், விடுதிக் காசு கட்ட வழியில்லை. அதற்குள் ஐ.டி.ஐ. சேர்க்கையும் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தான். என்னைப் பார்த்தால் எதிர்த்த பக்கம் போய்விடுவான். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் தானாகவே ஐ.டி.ஐ. போய்ச் சேர்ந்தான். இப்போது ஒயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான், இரண்டு பையன்கள் அவனிடம் வேலை கற்கிறார்கள். கொட்டகைக்கு ஃபேன் மாட்டியது அவன்தான். ஏணியில் நின்றபடி ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னான்: "மிஸ், பசங்ககிட்ட ரெண்டு ஃபார்மும் போடச் சொல்லுங்க. ஒன்னு ஆசைக்கு, ஒன்னு வவுத்துக்கு. ரெண்டுக்கும் கடைசி தேதி எழுதி செவுத்துல ஒட்டுங்க." மே மாதம் எங்கள் சுவரில் அந்தத் தேதிகள்தான் தொங்கும். மார்க்கரும் அவன் வாங்கித் தந்ததுதான்.